அப்பாவின் இரத்தம் மட்டும் பாக்கி

இரண்டு பிள்ளைகள். பெரியவன் பையன், சின்னது பெண். பையன் பெயர் ரெமிஜியுஸ், வீட்டில் ரெமி. என்ன படிக்கிறான் என்று அடுத்த கேள்வி வரும். அதையும் நானே சொல்லிவிடுகிறேன். படிக்கவில்லை. ஆறு வயது முடிந்த கையோடு இறந்துவிட்டான். பார்த்தீர்களா, முகம் மாறிவிட்டது. எல்லோருக்கும் மாறும். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரி எனக்குத் திருத்தமே சொன்னாள், "அப்போ இப்ப ஒரு பிள்ளைன்னு சொல்லுங்க" என்று. பாயசம் வருவதற்கு முன் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். பெற்றவள் நான். எத்தனை என்று நான்தான் சொல்வேன்.

ஜன்னல் ஓரம் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு இந்த ஓரம்தான் வேண்டும். இங்கே உட்கார்ந்தால்தான் அந்த ஆள் கண்ணில் படுவார். அதோ, எதிர் வரிசையில், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட். நீலக் கோடு போட்ட சட்டை, பிடரியில் கைக்குட்டை. என் வீட்டுக்காரர். எட்வின். ஆமாம், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். எங்கள் மாமிக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, அதுவே ஒரு குறை. சேர்ந்து உட்கார இடம் இருந்தது. அவர்தான், "நீ லேடீஸ் பக்கம் உக்காரு" என்று தள்ளிப் போய்விட்டார். மெதுவாகப் பேசச் சொல்கிறீர்களா? கேட்கட்டும். கேட்கத்தான் பேசுகிறேன். மெதுவாகப் பேச எனக்கு வராது. கான்வென்ட்டில் "ஸ்பீக் அப், கிளாடிஸ்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டார்கள்.

நீங்கள் டீச்சர்தானே? பையைப் பார்த்தாலே தெரிகிறது. பேப்பர் திருத்தப் போகிறீர்களா மதுரைக்கு? நாங்கள் ஆஸ்பத்திரிக்கு. நோய் ஒன்றும் இல்லை. அவர் இரத்தம் கொடுக்க வேண்டும். தானம் இல்லை, ஒரு சின்னக் குழாய் அளவு. அதற்குத்தான் இந்தக் காவல். போன மாதம் இதே மாதிரி அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பந்தல்குடி தாண்டி ஒரு ஓட்டலில் நிறுத்துவார்களே, அங்கே டீ குடிக்க இறங்கினார். நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். வண்டி அருப்புக்கோட்டை போன பிறகுதான் பார்க்கிறேன், சீட்டில் ஆள் இல்லை. போன் செய்தால், "வண்டி போயிட்டு கிளாடிஸ்" என்கிறார். வண்டி போகவில்லை. ஆள் நின்றுகொண்டார். தனியாகப் போய் என்னுடையதைக் கொடுத்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்கு வந்தால், மகளோடு உட்கார்ந்து வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார்! ஒரு கிண்ணம் நிறைய. யாருக்கு அவ்வளவு பூண்டு?

எதற்கு இரத்தம் என்று கேட்கவே இல்லையே நீங்கள். டீச்சராய் இருந்துகொண்டு.

ரெமி பிறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்தது. அண்ணமும்தான். பால் குடிக்க முடியாது, மூக்கு வழியாக வரும். பாலாடையில் சொட்டுச் சொட்டாக விட்டு வளர்த்தேன். உதட்டைத் தைத்தார்கள், அப்புறம் அண்ணத்தைத் தைத்தார்கள். நன்றாகத்தான் தைத்தார்கள். சிரித்தால் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கும், அவ்வளவுதான், அது அவனுக்கு அழகாகவே இருந்தது. பேச்சு வந்தது. ரொம்பவே வந்தது, என் பிள்ளை இல்லையா. யூகேஜியில் அவனைப் பேச்சுப் போட்டியில் நிறுத்தினேன். மூக்கால் பேசுகிற பையனை மேடை ஏற்றுவதா என்று மிஸ் தயங்கினாள். "மூக்கால் பேசினாலும் உங்களை விடத் தெளிவாப் பேசுவான் மிஸ்" என்றேன். பேசினான். அதற்கு அடுத்த வருஷம்தான் காய்ச்சல் விடாமல் வந்து, மதுரைக்குப் போகச் சொல்லி, அங்கே இரத்தப் புற்றுநோய் என்றார்கள். அதற்கு மேல் சொல்ல வேண்டாம். சொல்லவும் மாட்டேன்.

போன வருஷம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா கூப்பிட்டாள். சின்னப் பெண், ஆனால் பொறுமைசாலி. என்னிடம் பேசிப் பொறுமை போகாதவர்கள் குறைவு. விஷயம் இதுதான். பிறவியிலேயே ஏதாவது குறை இருந்து, பிறகு புற்றுநோயும் வந்த பிள்ளைகள் உலகத்தில் அங்கங்கே இருக்கிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்குமோ என்று தேடுகிறார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்தால் நாலைந்து பிள்ளைகள்தான் தேறும். அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாதாம். அதனால் எல்லா ஊரிலிருந்தும், எல்லா நாட்டிலிருந்தும் அந்தப் பிள்ளைகளுடைய மரபணுவைப் படித்து ஒரே இடத்தில் சேர்க்கிறார்கள். டேட்டா பேங்க். எந்த நாட்டு டாக்டரும் அனுமதி வாங்கித் திறந்து பார்க்கலாம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வகுப்பில் ஒருத்தி கணக்கைத் தப்பாகப் போட்டால் அது அவள் தப்பு. வகுப்பு முழுக்க அதே இடத்தில் தப்பாகப் போட்டால்? கணக்கே தப்பு, அல்லது சொல்லிக்கொடுத்தவர் தப்பு. "அதானே டாக்டர்?" என்றேன். டாக்டரம்மா சிரித்தாள். "கிட்டத்தட்ட" என்றாள். சொல்லிக்கொடுத்தவர் யார் என்று என்னைக் கேட்காதீர்கள். அவரிடம் ஞாயிற்றுக்கிழமை பூசையில் நானே நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

ரெமியிடமிருந்து அப்போது எடுத்த இரத்தத்தை எங்கள் சம்மதத்தோடு குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளையுடையது மட்டும் போதாது. அம்மா, அப்பா, பிள்ளை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது யாரிடமிருந்து வந்தது, எது பிள்ளையிடம் புதிதாக முளைத்தது என்று தெரியும். என்னுடையது கொடுத்தாயிற்று. அப்பாவுடையது மட்டும் பாக்கி. அவர் கொடுக்காவிட்டால் ரெமியை இந்தத் தொகுதியில் சேர்க்க மாட்டார்களாம். இந்த வாரத்தோடு முடிக்கிறார்கள். என் பிள்ளை அங்கே ஒரு பெட்டியில் அரைகுறையாகக் கிடப்பான், இவர் இங்கே பூண்டு உரிப்பார்.

இவருக்கு என்ன பயம் என்றா கேட்கிறீர்கள்? இது பயம் இல்லை டீச்சர். வன்மம். அதற்குக் கிரகணத்தைச் சொல்ல வேண்டும்.

ரெமி வயிற்றில் இரண்டு மாதம். மாட்டுப்பொங்கல் அன்று பகலில் ஒரு கிரகணம் வந்ததே, சூரியன் வளையல் மாதிரி ஆனதே, எங்கள் தூத்துக்குடியில் நன்றாகத் தெரிந்ததே, அது. எங்கள் மாமி காலைப் பூசை ஒரு நாள் தவறாதவர். வீட்டில் எல்லாப் புனிதர்களும் சுவரில் இருக்கிறார்கள். ஆனால் கிரகணம் என்றால் பாம்பு வந்துவிடும். "ஏட்டி, வெளிய நிக்காத. பாம்பு தொடுற நேரம். பிள்ளைக்கு உதடு அறுந்துரும்" என்று கதவைச் சாத்தப் போனார். "மாமி, பைபிள்ல எந்த அதிகாரத்துல பாம்பு சூரியனை முழுங்குது?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு முற்றத்துக்குப் போனேன். சூரியனை நேரே பார்க்கக் கூடாது, அது எனக்குத் தெரியும். சிஸ்டர் இம்மாகுலேட் எங்களுக்கு இயற்பியல் எடுத்தவர். ஒரு சல்லடையைப் பிடித்தால் போதும், ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு குட்டிச் சூரியன் தரையில் விழும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். கண் பெரிய அரிசிச் சல்லடையைப் பிடித்தேன். முற்றம் முழுக்கக் குட்டிக் குட்டி வளையல். என் சேலை மேல்கூட விழுந்தது. மாமி உள்ளேயிருந்து அதைப் பார்த்துவிட்டார்.

அப்புறம் என்ன. பிரசவ வார்டில் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். மாமி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து சொன்னது ஒரே வாக்கியம். "பாத்தியா, கடிச்ச இடம்." நான் தையல் போட்டுப் படுத்திருக்கிறேன். எட்வின் சுவர் ஓரமாக நிற்கிறார். ஒரு வார்த்தை, "சும்மா இருங்கம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான். உதடு தைக்கும்போது மாமி வாயில் கிரகணம். காய்ச்சல் வந்தபோது கிரகணம். அடக்கப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களிடமும், "என் சொல்லைக் கேட்டிருந்தா" என்று மாமி ஆரம்பித்தார். இவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

கை கழுவுவது இவருக்கு ஒரு வியாதி. வீட்டுக்கு வந்தால் கொல்லையில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். சட்டையைத் தனியாக ஊறவைப்பார். நான் தொடக் கூடாது. நான் செய்தால் அழுக்குப் போகாதாம், அவ்வளவு மதிப்பு. முன்பு தினமும் கோவில்பட்டி போய் வருவார், உரம், பூச்சிமருந்து விற்கிற பெரிய கடையில் நல்ல வேலை. முதலாளிக்கு இவர் வலது கை. பருத்திக்காரர்கள் வந்தால், எந்தப் புழுவுக்கு எந்த மருந்து என்று இவரைத்தான் கேட்பார்கள், இவரே அளந்து கலந்தும் கொடுப்பார். ரெமிக்கு உதடு தைத்த வருஷம், காரணமே சொல்லாமல் வேலையை விட்டுவிட்டார். இப்போது ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் மூட்டைக்குச் சீட்டு எழுதுகிறார். இரண்டாவது லீமா பிறந்தாள், கிளி மாதிரி, ஒரு குறையும் இல்லாமல். தூக்கவே மாட்டார். கையை நீட்டுவார், பிறகு இழுத்துக்கொள்வார். பெண் பிள்ளை என்று இளக்காரம். ரெமியையாவது தூக்கினார்.

லீமா வயிற்றில் இருக்கும்போதும் ஒரு கிரகணம் வந்தது. அன்று நான் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தேன். தலைவலி. நிஜமாகவே தலைவலி டீச்சர், எதற்குச் சிரிக்கிறீர்கள்?

ஆக, இதுதான் இவர் வன்மம். வாயால் சொல்லாமல் இத்தனை வருஷமாக என் மேல் வைத்திருக்கிறார். அம்மா சொல்கிறார், மகன் மௌனத்தால் கையெழுத்துப் போடுகிறார். இப்போது இரத்தம் கொடுத்தால் என்ன ஆகும்? கிரகணம் இல்லை, மரபணு என்று ஆகிவிடும். அதுவும் அவர்கள் வீட்டு மரபணு என்று ஆகிவிட்டால்? எங்கள் வீட்டில் ஏழு தலைமுறைக்கு உதடு பிளந்து ஒருவரும் பிறந்ததில்லை. அவர்கள் பக்கம் ஒரு சித்தப்பாவுக்கு இருந்ததாம், மீசையால் மறைத்துக்கொண்டிருந்தாராம். மாமி அதை ஒரு நாளும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டம்மா சொல்லி எனக்குத் தெரியும்.

டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன், "யார் பக்கம்னு எழுதி ஒரு பேப்பர் தருவீங்களா?" என்று. தர மாட்டார்களாம். "இது யார் குத்தம்னு கண்டுபிடிக்கிற வேலை இல்ல மேடம். உங்ககிட்ட இருந்து வந்திருக்கலாம், சார்கிட்ட இருந்து வந்திருக்கலாம், ரெண்டு பேர்கிட்டயும் இல்லாம பிள்ளைகிட்டயே புதுசா வந்திருக்கலாம்" என்றாள். அந்த மூன்றாவது எனக்குப் பிடிக்கவே இல்லை. யார்கிட்டயும் இல்லையா? பிரசவ வார்டிலிருந்து இன்று வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன், கடைசியில் யாருமே இல்லை என்று ஆனால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இன்னொன்று சொன்னாள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெயர் இருக்காதாம். ரெமியுடைய பெயரை எடுத்துவிட்டு ஒரு நம்பர் போடுவார்களாம். யாரும் கண்டுபிடிக்கக் கூடாது, அது எங்கள் பாதுகாப்புக்கு என்றாள். மற்ற தாய் தகப்பனெல்லாம் அதைத்தான் முதலில் கேட்பார்களாம், பெயர் வெளியே வராதே என்று. மாமியும் அதைத்தான் கேட்டார், "நாளைக்கு லீமாவுக்கு மாப்பிள்ள பாக்க வேண்டாமா?" என்று. நான் ஒருத்திதான், பெயரைப் போடு என்று சண்டை போட்டவளாம். போடச் சொன்னேன். ரெமிஜியுஸ், தூத்துக்குடி, பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு. முடியாது மேடம், எல்லா நாட்டிலும் இதுதான் விதி என்றாள். சரி, விதி என்றால் விதி. கான்வென்ட்டில் படித்தவள் நான். விதியை மதிப்பேன், ஆனால் முணுமுணுத்துக்கொண்டே மதிப்பேன்.

எட்டயபுரம் எப்போதோ போய்விட்டதா? பேச்சில் கவனிக்கவில்லை. நிறுத்துகிறானே! இதே ஓட்டல்தான். பாருங்கள், எழுந்துவிட்டார். பார்த்தீர்களா, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்குகிறார். எனக்கு இங்கிருந்து தெரியவில்லை, உங்கள் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் பாருங்கள். டீ வாங்குகிறாரா? இல்லையா? குழாயடியில் நிற்கிறாரா? கை கழுவுகிறாரா? இன்னுமா கழுவுகிறார்? எல்லோரும் ஏறியாயிற்றே. என்ன, அழுகிறாரா? முகம் கழுவியிருப்பார். நீங்கள் தப்பாகப் பார்க்கிறீர்கள். அவர் அடக்கத்தன்றே அழவில்லை.

இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் சார், இரண்டு பேர் பாக்கி, விசில் ஊதினீர்களோ தெரியும்!

*

கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா உங்களிடம்? இல்லை, அழவில்லை. வெயில்.

ஏறிவிட்டார். படியில் நிற்கிறார், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறார். கண்டக்டர் முறைக்கிறான். முறைக்கட்டும்.

போய் நின்றேன். "வண்டி கிளம்புது, கழுவினது போதும்" என்றேன். குழாயை மூடவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "கிளாடிஸ், எம் ரத்தத்துல மருந்து தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன மருந்து, நீங்கள் மாத்திரையே போடுவதில்லையே என்றேன். "கடை மருந்து. ரெமி உண்டான சமயம் பருத்திக்கு மருந்து வாங்குற சீசன். கையாலதான் கலக்குனேன். அப்படியே வந்து உன் வயித்தத் தொட்டுப் பாப்பேன்" என்றார்.

டீச்சர், அந்தக் குழாயை நான்தான் எட்டி மூடினேன்.

சட்டை. கொல்லையில் குளியல். கடையை விட்டது. லீமாவிடம் நீட்டிவிட்டு இழுத்துக்கொண்ட கை. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம் வைத்திருந்தேனே, உங்களிடம் இவ்வளவு நேரம் சொன்னேனே! என் மேல் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, இந்த மனுஷன் அத்தனை பழியையும் தனக்கென்று எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் பங்கு கொடுத்தால் என்ன? பழியில்கூடக் கஞ்சத்தனம்.

நில்லுங்கள், நல்லவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதற்கு மேல் ஒன்று சொன்னார். "அம்மா கிரகணம்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி கிளாடிஸ். நான் இல்லன்னு." கேட்டீர்களா? நிம்மதியாம்! என் தலையில் பாம்பு விழும்போதெல்லாம் இவருக்கு நிம்மதி. அந்தக் குழாயடியிலேயே பிடித்துத் தள்ளியிருப்பேன். கை தூக்கியும்விட்டேன், ஓட்டல்காரன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மருந்தைத் தேடுறாங்களா எதைத் தேடுறாங்களானு எனக்குத் தெரியாது. நாமளா முடிவு பண்ண வேண்டாம்" என்றேன். "தெரிஞ்சுட்டா?" என்றார். "தெரியட்டும். உங்களால்னா உங்களால், என்னால்னா என்னால். எந்த ஊர்லயோ இன்னொருத்தி பாலாடையோட உக்காந்திருப்பா. அவ பிள்ளைக்குக் காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி யாராவது அவகிட்ட சொல்லணும். உங்க நிம்மதிக்காக ரெமிய அரைகுறையா விட்டுட்டுப் போக முடியாது. ஏறுங்க" என்றேன். "நீ என்ன மன்னிச்சிட்டியா?" என்கிறார். வண்டி ஹாரன் அடிக்கிறது, இவருக்கு மன்னிப்பு வேண்டும்! அதெல்லாம் திரும்பி வரும்போது. மதுரையிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் வழி இருக்கிறது. முதலில் இரத்தம், அப்புறம் சண்டை. மாமிக்கு வீட்டுக்குப் போனதும் தனியாக.

டாக்டரம்மா சொன்ன அந்த மூன்றாவது, யாரிடமும் இல்லாமல் பிள்ளையிடமே புதிதாக வந்தது என்று, அப்படியே இருந்தால் தேவலை என்று படி ஏறும்போது தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

டீச்சர், ஒரு உதவி. நீங்கள் எழுந்து அவருடைய சீட்டுக்குப் போகிறீர்களா? அதுவும் ஜன்னல் ஓரம்தான், காற்று நன்றாக வரும். அவர் இங்கே உள்ளே உட்காரட்டும், நான் வழியை மறித்து இந்த ஓரத்தில். பாசம் எல்லாம் இல்லை. அருப்புக்கோட்டையில் இறங்கிவிடக் கூடாது பாருங்கள், அதற்குத்தான்.

இவ்வளவு நேரம் முன்பின் தெரியாத உங்களிடம் எதற்குச் சொன்னேன் என்று யோசிப்பீர்கள். அங்கே அவன் எத்தனையோ நாட்டுக்காரர்களிடம் நம்பராகப் போகப் போகிறான். போகட்டும், அது விதி. இந்த வண்டியில் விதி நான்தான். ரெமிஜியுஸ். மறந்துவிடாதீர்கள். உங்கள் பை, இந்தாருங்கள்.

எட்வின், அங்க என்ன நிக்கிறீங்க? இங்க வாங்க. கை ஈரமா இருந்தா இருக்கட்டும், உக்காருங்க.